கடோ ஏரிக்குப் படகு எடுப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நவம்பர் நெருங்குகிறது. டெக்சஸ்-லூசியானா எல்லையில் இருக்கும் கடோ ஏரியில் சைப்ரஸ் மரங்கள் செம்பு நிறத்துக்கு மாறும் சமயம். டாலஸ் பக்கத்துக் குடும்பங்களிடமிருந்து கனூ இருக்கிறதா, கயாக் இருக்கிறதா என்று அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன.

இந்த ஆண்டு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். கடோ போய்வந்த படகை ஒரு வாரம் காயவைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுப்போம். அதனால் வாடகைக்கு இருக்கும் படகுகள் குறையும். "படகு வெளியே சும்மாதானே கிடக்கிறது, ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள்?" என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் திரும்பி வந்த ஒரு கனூவைக் கழுவிக்கொண்டிருந்தோம். இருக்கைக்கு அடியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பச்சை இலை ஒட்டியிருந்தது. நடுவில் மடிந்து, மேலெல்லாம் பொடி மயிர். தண்ணீர் விட்டால் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு மயிரின் நுனியும் முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டி மாதிரி கூண்டு கட்டியிருந்தது. அதுதான் ஜயன்ட் சால்வினியா. அந்தக் கனூ மறுநாள் காலை வேறொரு ஏரிக்குப் போவதாக இருந்தது.

பிரேசில் பக்கத்திலிருந்து வந்த மிதக்கும் பெரணி இது. கடோவில் 2006இல் கண்டார்கள். வளர விதை வேண்டாம், ஒரு துண்டு போதும். வெயிலும் சூடும் வாய்த்தால் ஒரே வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். ஊரில் ஆகாயத்தாமரை மூடிய குளத்தைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: அடியில் வெளிச்சம் போகாது, பிராணவாயு குறையும், மீன் சாகும். இதைத் தின்னும் ஒரு சின்ன வண்டை வளர்த்து ஏரியில் விட்டுப் பார்க்கிறார்கள். மருந்தும் அடிக்கிறார்கள். ஆனாலும் முழுதாக ஒழிந்தபாடில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். கரையேறியதும், காரில் ஏற்றுவதற்கு முன்பே படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். இருக்கையின் அடி, கயிற்று முடிச்சு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட்டின் பட்டை, செருப்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. டெக்சஸில் இந்தச் செடியை எடுத்துச் செல்வதே குற்றம், அபராதம் உண்டு.

சரி, பயணத்துக்கு வருவோம். கார்னாக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது கடோ ஏரி மாநிலப் பூங்கா. தங்கும் இடங்களை ஐந்து மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம் என்பதால் நவம்பர் வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வார நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. கூடாரம் வேண்டாம் என்றால் 1930களில் அரசு வேலைத்திட்டத்து இளைஞர்கள் அமைத்த கேபின்கள் இருக்கின்றன, கொசுவலை அடித்த குடில்களும் உண்டு.

முதல் முறை துடுப்பு பிடிப்பவர்கள் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சா மில் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காற்று குறைவு, கரை கண்ணில் தெரியும், மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்கும் காட்சியும் அங்கேயே கிடைக்கும். பாசி என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையில் அது அன்னாசி குடும்பத்துச் செடி. பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் பறித்து மடியில் வைக்க விடாதீர்கள், பூச்சி இருக்கும்.

குளத்தைத் தாண்டிப் பெரிய ஏரிக்குள் போகிறவர்களிடம்தான் எங்களுக்குக் கவலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி நீர்ச்சந்து. போட் ரோடு என்று எண் போட்ட பலகைகளால் குறித்த நீர்வழிகள் உண்டு, அவற்றை விட்டு விலகாதீர்கள். போன் சிக்னலை நம்பவே வேண்டாம், காகித வரைபடம் நாங்களே படகோடு தருகிறோம். நவம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மதியம் இரண்டு மணிக்குப் படகைத் திருப்பிவிடுங்கள். அப்புறம், சைப்ரஸ் வேர்கள் முழங்கால் மாதிரி தண்ணீருக்குள் முட்டி நிற்கும். மரத்தடியில் வேகமாகப் போனால் படகு அதில் ஏறிச் சாயும்.

ஓடும் படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும், அது சட்டம். பெரியவர்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும் என்கிறது சட்டம். போட்டுக்கொள்ளுங்கள் என்கிறோம் நாங்கள். ஏரியில் முதலை உண்டு. விலகிப் போனால் அதுவும் விலகிப் போகும். மீந்த புளிச்சோற்றையும் கோழித்துண்டையும் மட்டும் தண்ணீரில் போடாதீர்கள். மனிதரிடம் தீனிக்குப் பழகிய முதலையைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது.

கடோ பழங்குடி மக்களின் பெயரைத் தாங்கிய நீர் இது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1993இல் சேர்ந்தது. எங்கள் படகு ஒன்றால் இங்கிருக்கும் களை வேறொரு ஏரிக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஒரு வாரம்.

பதிவு செய்யும்போது கடோ போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், அதற்காக வாடகையை ஏற்ற மாட்டோம். கிளம்பிய பின் திட்டம் மாறி அங்கே இறக்கியிருந்தாலும் பரவாயில்லை. படகைத் திருப்பித் தரும்போது எந்த நீரில் இறக்கினீர்கள் என்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், மீதியை நாங்கள் கழுவிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் படகுக் கடையினர்