பூங்காவில் ஒரு ஞாயிறு காலை ஓவியர்களுக்கும் வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையருக்கும் பூங்காக்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலைகளில் நடந்த மைக் இல்லாத கச்சேரிகள் உங்களுக்கு நினைவிருக்கும். டிக்கெட் கிடையாது. வளரும் பிள்ளைகள் பாடினார்கள், நடக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். அப்படி ஒரு காலைப் பொழுதை இந்த ஊர் ஓவியர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கண்காட்சி வைப்பது இன்று இளம் ஓவியர்களால் தாங்கக்கூடிய செலவு இல்லை. அரங்க வாடகை, சட்டம் போடும் கூலி, அழைப்பிதழ், படங்களை ஏற்றிவர வண்டி. இத்தனைக்கும் பிறகு திறப்பு விழாவுக்கு வருவது நண்பர்களும் உறவினர்களும்தான். மறுநாள் அரங்கம் வெறிச்சோடிக் கிடக்கும். பக்கத்துத் தெருக்காரர்கூட உள்ளே வரமாட்டார். வாங்கச் சொல்வார்களோ, படத்தைப் பற்றி ஏதாவது சொல்லத் தெரியணுமோ என்ற கூச்சம். பூங்காவில் அது இருக்காது. நடந்துகொண்டிருப்பவர் சட்டென்று நின்று, "இது நம்ம மாட வீதிதானே?" என்று கேட்பார். வரைந்தவர் பக்கத்திலேயே இருப்பார்.

ஓவியக் கல்லூரி மாணவர்களை மட்டும் மனதில் வைத்து இதைக் கேட்கவில்லை. வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்புறம், ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போன பேனர் ஓவியர்கள். ஒரு முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சாரத்தின் மேல் நின்று ஆளுயரக் கண்ணை வரைந்தவர்கள் அவர்கள். அண்ணா சாலையே அவர்களுக்குக் கண்காட்சியாக இருந்தது. அவர்களில் யாராவது ஒரு காலை பூங்காவில் உட்கார்ந்து வரைந்தால், பிள்ளைகள் இடத்தைவிட்டு நகருமா?

ஓவியத்தை வெட்டவெளியில் பார்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. இங்கே 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாவில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபோது மாநகராட்சியும் துணை நின்றது. பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் சித்ர சந்தை என்ற ஓவிய விழாவன்று குமார க்ருபா சாலை முழுவதும் ஓவியர்களுடையதாகிவிடுகிறது. நம் ஊர் ஓவியர்களும் படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். அவ்வளவு பெரிய விழா இங்கே இப்போதே வேண்டாம்.

மரங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பீர்கள். சரியான கவலைதான். ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். நடைபாதை ஓரமாக மூங்கில் ஸ்டாண்டு நிறுத்தி, கயிறு கட்டி, க்ளிப் போட்டுத் தொங்கவிட்டால் போதும். மைக் வேண்டாம், விளம்பரப் பலகையும் வேண்டாம். விடியற்காலைப் பனியில் வாட்டர்கலர் தாள் நமுத்து நெளிந்துவிடும்; வெயில் ஏறிவிட்டால் கண்ணாடி போட்ட படத்தில் நம் முகம்தான் தெரியும். அதனால் 7 மணியிலிருந்து 10 மணி வரை சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை விட்டுவிட்டு, தை முதல் பங்குனி வரை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். இடத்துக்கு வாடகை வாங்கக் கூடாது, விற்கிற பணம் முழுக்க ஓவியருக்கே போக வேண்டும். நடுவில் ஒரு ஒப்பந்ததாரர் வந்துவிட்டால் அடுத்த வருடமே அது ஸ்டால் போட்ட பொருட்காட்சியாகிவிடும். அனுமதிக்கு எந்த அலுவலகத்தில், யாரிடம் எழுதித் தர வேண்டும் என்பதையும் பூங்கா வாசலிலேயே எழுதி வையுங்கள்.

வரும் தை மாதம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரே ஒரு ஞாயிறு கொடுத்துப் பாருங்கள். ஸ்டாண்டு கொண்டுவரவும், முடிந்ததும் இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து ஒப்படைக்கவும் இந்தப் பகுதிக்காரர்கள் நாங்கள் தயார். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூர்வாசி ஒருவர்