டெல்லி டூர் நடத்துகிறவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

டெல்லி, ஆக்ரா, மதுரா என்று தமிழ்நாட்டிலிருந்து குழுவாக ஆட்களைத் திரட்டி அழைத்துப்போகும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன அரையாண்டு விடுமுறையில் உங்களில் ஒருவரோடு டெல்லி போய் வந்தோம். நான், என் கணவர், ஏழாவது படிக்கும் மகள், 74 வயதாகும் என் மாமியார். யாரோடு போனோம் என்று சொல்லப்போவதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்த வரைக்கும் எல்லோருடைய பயணத் திட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நீங்கள் இல்லையென்றால் என் அத்தை டெல்லியைப் பார்த்திருக்கவே மாட்டார். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது, மூட்டுவலி வேறு. அவரைக் கைப்பிடித்து ரயிலேற்றி, கரோல் பாக் விடுதியில் அந்தக் குளிரிலும் விடியற்காலையில் சுடச்சுடப் பொங்கல் போட்டீர்கள். ராத்திரி ரசம் சாதம் வரைக்கும் குறையில்லை. கிளம்பும் அன்று சமையல் மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை வண்டி ஏறினார்.

என் வருத்தமெல்லாம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான். நோட்டீஸில் 'டெல்லி லோக்கல்' என்று போட்டிருந்த நாள். அது திங்கட்கிழமை.

திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. தேசிய அருங்காட்சியகத்துக்கும், ரயில் மியூசியத்துக்கும், தீன் மூர்த்தி வளாகத்திலுள்ள பிரதமர்கள் அருங்காட்சியகத்துக்கும், இந்திரா காந்தி நினைவகத்துக்கும், காந்தி ஸ்மிருதிக்கும் அன்றைக்குத்தான் விடுமுறை. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்காமல் பார்த்து ஆக்ராவை வேறு நாளில் வைக்கிறீர்கள். அந்தக் கவனத்தில் பாதியை டெல்லிக்கும் வைத்திருந்தால் போதுமே!

அன்று செங்கோட்டையைச் சாலையிலிருந்து பார்த்தோம். இந்தியா கேட்டில் இறங்கினோம். தேசியப் போர் நினைவிடம் திங்களன்றும் திறந்திருந்ததால் உள்ளே போக முடிந்தது, ஆனால் 20 நிமிஷம்தான். 2019-ல் திறந்த இடம். வட்டம் வட்டமாகச் சுவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில், 25,000-க்கும் மேல். என் கணவர் திருச்சியில் படித்தவர். கார்கிலில் 1999-ல் இறந்த திருச்சிக்காரர் மேஜர் சரவணனின் பெயரைத் தேடிப்பிடித்து மகளுக்குக் காட்ட நினைத்தார். சரியான சுவரைக் கண்டுபிடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், ஓடி வந்து ஏறினோம். அப்புறம் வண்டி ஒரு சால்வைக் கடை வாசலில் நின்றது. அங்கே ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் எல்லோருக்கும் ஷாப்பிங் நாள். நாங்கள் நால்வர் மட்டும் பிரிந்து, கரோல் பாக்கில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, லோக் கல்யாண் மார்கில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தோம். தீஸ் ஜனவரி மார்க். ஜனவரி முப்பது என்பதுதான் அந்தச் சாலையின் பெயரே. முன்பு பிர்லா மாளிகை, இப்போது காந்தி ஸ்மிருதி. நுழைவுக் கட்டணம் கிடையாது.

காந்தி தன் கடைசி 144 நாட்கள் தங்கியிருந்த வீடு அது. அவருடைய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். தரையில் மெத்தை, பக்கத்தில் குட்டை மேசை, அவ்வளவுதான். 1948 ஜனவரியில் கடைசி உண்ணாவிரதம் இருந்ததும் இங்கேதான். அறையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழியில் சிமெண்டில் காலடிகள் செய்து பதித்திருக்கிறார்கள். 30-ம் தேதி சாயங்காலம் படேலோடு பேசிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட, உறவுப் பெண்கள் மனுவும் ஆபாவும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, பிரார்த்தனைக்கு அவர் வேகமாக நடந்துபோன வழி. மணி 5.17-க்குக் காலடிகள் நின்றுவிடுகின்றன.

அத்தை அந்தக் குளிரில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலடிகளை மிதிக்காமல், ஓரமாக, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். கடைசிக் காலடிக்குப் பக்கத்தில் நின்றவர் ரொம்ப நேரம் நகரவில்லை. மகள் பயந்துபோய் "அப்பத்தா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். அத்தை சொன்னது இதுதான்: "நம்ம ஊர்ல துணி இருக்கு தாயி. மனுசன் விழுந்த எடம் இங்க இருக்கு."

மதுரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி எங்கள் ஊர் காந்தி மியூசியத்தில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் நேரு திறந்துவைத்த மியூசியம். அப்போது அத்தைக்கு ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் வரிசையாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார் என்பதும் அத்தைக்கு மனப்பாடம். காந்தி அரை வேட்டி கட்ட ஆரம்பித்த ஊரில் பிறந்து, அது ரத்தத்தில் நனைந்த இடத்தை 74 வயதில் வந்து பார்த்தார். முந்தின நாள் நம் பேருந்து அந்தப் பக்கம் போனபோது "காந்தி வீடு, இன்னைக்கு லீவு" என்று மைக்கில் ஒரு வரி சொன்னதோடு சரி.

அங்கிருந்து ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் பக்கம்தான். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருந்த மகள் ஆளுயரச் சிலையாக நினைத்து வந்திருக்கிறாள். கண்ணாடிக்குள் இருந்தது வெறும் 10.5 சென்டிமீட்டர், அரைச் சாண்கூடத் தேறாது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்த அந்தத் தோரணையைப் பார்த்தபடியே இருந்தாள். கை நிறைய வளையலை எண்ண முயன்றாள். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்பர்களே, எனக்கு வேண்டியது பெரிய மாற்றமெல்லாம் இல்லை. 'டெல்லி லோக்கல்' நாளைத் திங்கட்கிழமையில் வைக்காதீர்கள். ரயில் டிக்கெட் போடும்போதே காலண்டரைப் பார்த்தால் முடிகிற காரியம். சால்வைக் கடை நேரத்தைக் காந்தி ஸ்மிருதிக்குக் கொடுங்கள். கடையில் உங்களுக்கு ஏதோ கிடைக்கிறது, அது உங்கள் தொழில், எனக்குப் புரிகிறது. அந்தத் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள், தாராளமாகத் தருகிறோம். காந்தி ஸ்மிருதியில் விவரப் பலகைகள் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கின்றன. அத்தை மாதிரி ஆட்களுக்காக முந்தின நாள் ராத்திரி பந்தியிலேயே, நாளைக்குப் பார்க்கப்போவது என்ன என்று தமிழில் ஐந்து நிமிஷம் சொல்லிவிடுங்கள். உங்கள் மேனேஜர்களுக்குப் பேசவா தெரியாது? எங்களோடு வந்தவர் பேருந்தில் எத்தனை கதை சொல்லிக்கொண்டு வந்தார்!

எங்களோடு வந்த இருபது முப்பது பாட்டி தாத்தாக்களில் பெரும்பாலோருக்கு இது முதல் டெல்லி, கடைசி டெல்லியும் இதுவாகத்தான் இருக்கும். அவர்கள் மெட்ரோ பிடித்துத் தனியாகப் போக மாட்டார்கள். நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்களோ அதுதான் அவர்கள் பார்க்கும் டெல்லி.

அடுத்த நோட்டீஸ் அடிக்கும்போது 'காந்தி ஸ்மிருதி, ஒன்றரை மணி நேரம்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் தெருவில் நான்கு பேர் போக வேண்டும் என்கிறார்கள். அந்த வரி உள்ள நோட்டீஸ் வந்ததும் அவர்கள் பெயரை நானே வந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு பயணம் செய்த மதுரைக்காரி