லாரா இறங்காத நாள்

27 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்புக் குஞ்சுக்கு,

நேற்று இரவு பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தொண்டை அடைத்துக் கிடக்கிறது. பந்தயத்தில் சனம் அடித்த மாட்டு மணி காதுக்குள் இன்னும் அடிக்கிறது. போனில் கதைத்தால் "என்னப்பா, குரல் ஏன் இப்படி?" என்று நீ தொடங்குவாய், பேச்சு மருந்து மாத்திரைப் பக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ இடையில் புகுந்து என்னைத் திசைதிருப்ப முடியாது.

ஆம், ஆஸ்திரியாவில் உலகக் கோப்பைப் பனிச்சறுக்குப் பருவம் தொடங்குகிற ஸோல்டனுக்குப் போனேன். நீ இல்லாமல் போக மாட்டேன் என்று 2022இல் சொன்னவன்தான். என்ன செய்ய, வேலையிடத்துச் சிநேகிதர்கள் வேனில் ஒரு இடம் காலி என்றார்கள், ஆசை விடவில்லை. அந்த வருடம் நீயும் நானும் அவ்வளவு தூரம் போய், வானிலை மோசம், பெண்கள் பந்தயம் ரத்து என்று கேட்டுவிட்டு ஈரச் சப்பாத்தோடு திரும்பி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "பரவாயில்லை அப்பா, அடுத்த வருடம்" என்றாய். அடுத்த வருடம் நீ நியூசிலாந்தில் இருந்தாய். நம் சுவிஸ் லாரா அந்தப் பந்தயத்தை நூறில் 2 பங்கு வினாடியில் வென்றதை நான் தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். வென்ற சத்தத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

விடியப்புறம் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். வேனில் நான் ஒருவன்தான் தமிழன். மற்றவர்களுக்குப் பனிச்சறுக்கு பிறந்த வீட்டுச் சொத்து. எனக்கு அது நீ பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமிலிருந்து கொண்டுவந்தது. வாடகைக்கு எடுத்த சப்பாத்துக் காலைக் கடிக்கிறது என்று அழுதுகொண்டு போனவள், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து எனக்கே பாடம் எடுத்தாய். இரண்டு ஓட்டம் அப்பா, இரண்டு நேரத்தையும் கூட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் 30 பேருக்குள் வந்தால்தான் இரண்டாவது உண்டு. அதில் முப்பதாவது ஆள் முதலில் இறங்குவாள், முதலாவது ஆள் கடைசியில். "ஏன் இப்படித் தலைகீழாக?" என்று கேட்டதற்கு, "அப்போதுதானே கடைசி வரை டிவியை நிறுத்த மாட்டீர்கள்" என்றாய். பத்து வயதில் உனக்கு எவ்வளவு தெளிவு!

ஊரில் இறங்கி, பனிப்பாறைக்கு ஏறும் பேருந்துக்கு வரிசையில் நின்றபோதுதான் செய்தி காதில் விழுந்தது. லாரா குட்-பெராமி இன்று இறங்கவில்லை. தான் இன்னும் தயாராக இல்லை என்று சொல்லி விலகிவிட்டாள்.

உனக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரமாயிருக்கும். எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் சிரிப்பாய். போன பருவத்தில் மொத்தப் புள்ளிக்குக் கொடுக்கிற பெரிய கோப்பை, அந்தப் பளிங்கு உருண்டை, அவளுடையது. 2016இல் ஒன்று, எட்டு வருடம் கழித்து இன்னொன்று. கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குகிற இந்த ஜயண்ட் ஸ்லாலம் வகைக்கான கோப்பையும் அவளிடம்தான். இதே மலையில் மூன்று முறை வென்றவள். முதல் நாளே விலகினால், வென்றால் கிடைக்கிற 100 புள்ளி போச்சு என்று நான் கணக்குப் போட்டேன். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒரு ஓட்டமாவது இறங்கிப் பார்த்திருக்கலாம்தானே!" என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்க நானே உரக்கச் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வேன் ஓட்டி வந்த மனிதர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

இதை இப்படியே வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

பந்தயம் நடக்கிற ரெட்டன்பாக் பனிப்பாறையைத் தொலைக்காட்சி சரியாகக் காட்டவில்லை பிள்ளை. அது பொய் சொல்கிறது என்றே சொல்வேன். தொடக்கம் 3,040 மீட்டர் உயரத்தில், முடிவு 2,670இல். திரையில் ஏதோ வெள்ளைச் சீலை விரித்தது போலத் தெரியுமே, நேரில் நடுப்பகுதி சுவர். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், அதன் மேல் விளிம்பில் ஒரு சின்னப் புள்ளி தோன்றும். தோன்றிய மறு கணம் அது விழுவது போல இறங்கும். எனக்கு வயிறு குழைந்தது. அம்மா ஏன் கண்ணைப் பொத்திக்கொள்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் அந்தச் சத்தம். இறுகிய பனியில் பலகையின் விளிம்பு பிடிக்கும்போது வருகிற கர்ர் என்ற ஓசை. கத்தியைச் சாணையில் வைத்தது போல. நன்றாகத் திரும்புகிறவளிடம் அது கொஞ்ச நேரம்தான் கேட்கும். தடுமாறுகிறவளிடம் நீளமாகக் கேட்கும். அரை மணி நேரத்தில் திரையைப் பார்க்காமலே, இவள் பச்சை (முன்னால்), இவள் சிவப்பு (பின்னால்) என்று காதாலேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். பாதிக்கு மேல் சரியாக வந்தது. இன்னொன்றும் கண்டேன். எல்லோரும் சுவரில்தான் பந்தயம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சுவர் முடிந்து சமதரை தொடங்கும் அந்த இடத்தில்தான் விஷயம். அங்கே வேகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் பிழைத்தாள். கடைசித் திருப்பத்தில் கொஞ்சம் கீழே நழுவினாலும், மிச்சத் தட்டையில் அவள் நகரவில்லையோ என்று தோன்றுகிறது. அவ்வளவு கொடுமை.

முதல் ஓட்டத்தில் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் முன்னால். உலகக் கோப்பையில் 97 வெற்றி வைத்திருக்கிறாளே, 98 இன்றைக்குத்தான் என்று பக்கத்தில் நின்ற அமெரிக்கக் கொடிக்காரர் முடிவே கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு. பத்து மணிக்கு முதல் ஓட்டம், ஒரு மணிக்குத்தான் அடுத்தது. நேற்று ஆஸ்திரியாவுக்குத் தேசிய விடுமுறை நாள் வேறு, அதனால் சனம் நெரிந்தது. சிவப்பு வெள்ளைக் கொடிகள் எங்கே பார்த்தாலும். கூட்டத்தில் ஒரு கிழவர் 2002ஐப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் ஒக்டோபர் 26, இதே மலை. நோர்வேயின் ஆண்ட்ரினே ஃப்ளெம்மன், ஆஸ்திரியாவின் நிகோல் ஹோஸ்ப், ஸ்லோவேனியாவின் டீனா மாஸே, மூவரும் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஒரே நேரம். ஹோஸ்புக்கும் மாஸேவுக்கும் அதுதான் வாழ்க்கையின் முதல் வெற்றி. ஒரே மேடையில் மூன்று முதலிடம்! அப்போது உனக்கு இரண்டு வயது. எனக்குப் பனிச்சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாத காலம். பனி என்றால் விடிகாலையில் வழித்துத் தள்ள வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

அந்தக் காத்திருப்பில்தான் வேன் ஓட்டி வந்தவர் மெதுவாகக் கேட்டார். "உங்கள் மகள் போட்டிகளில் கலந்துகொண்டவளா?" இல்லை என்றேன். "என் மகள் கலந்துகொண்டாள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் காலையில் நான் கத்திய வசனம் எனக்கே திரும்பிக் கேட்டது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு நடந்த அந்த ஜூலைக் காலை உனக்கு மறந்திருக்காது. சப்பாத்துப் போடாமல் படியில் உட்கார்ந்து, "அப்பா, நான் இன்னும் தயாராக இல்லை. அடுத்த வருடம் எழுதுகிறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு, போய் எழுதிப் பார்த்தால் என்ன?" கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ வந்தாய். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைக் கவனம் என்று நினைத்தேன். மூன்று வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சில், அந்தக் காரில் உனக்குக் கை நடுங்கியதைச் சாதாரணமாகச் சொன்னாய். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

உலகத்தின் முதலாவது ஆள், 33 வயது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாதவள். அவளே இன்று இல்லை என்கிறாள். அவள் தகப்பன் கார்ச் சாவியோடு நிற்கவில்லை. குஞ்சு, அந்தக் காலை நான் பிழை. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் போன் எடுக்கவில்லை.

சரி, இரண்டாவது ஓட்டம்.

உனக்கு அப்போது நள்ளிரவு. பார்த்தாயா, நித்திரையா என்று தெரியவில்லை. ஃபெடெரிகா பிரிக்னோனே இறங்கியபோது எனக்கு அவள் மேல் அக்கறையே இல்லை, உண்மையைச் சொன்னால். போன வருடம் லாராவிடம் அந்த நூறில் 2 பங்கில் தோற்ற இத்தாலிக்காரி, அவ்வளவுதான். ஆனால் அவள் சுவரை வெட்டிக்கொண்டு வந்த விதம்! உடம்பைப் பனியோடு பனியாகச் சாய்த்து, எந்தத் திருப்பத்தையும் முடிக்காமலே அடுத்ததைத் தொடங்குகிறவள் போல. கர்ர் சத்தம் கேட்கவே இல்லை. கீழே வந்து திரையைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் காத்திருந்தாள். கடைசியாக ஷிஃப்ரின் வந்தாள், திரை சிவப்பாயிற்று, ஐந்தாவது இடம். அமெரிக்கக் கொடிக்காரர் கொடியைச் சுருட்டத் தொடங்கினார், பாவம்.

வென்றது பிரிக்னோனே, அவளுக்கு 34 வயது. பெண்கள் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றை இந்த வயதில் நேற்று வரை யாரும் வென்றிருக்கவில்லை. 2015இல் அவள் முதன்முதலாக வென்றதும் இதே மலையில்தான். அவளுடைய அம்மா மரியா ரோசா குவாரியோவும் பந்தயக்காரி, உலகக் கோப்பையில் நான்கு ஸ்லாலம் வென்றவர், பிறகு விளையாட்டுப் பத்திரிகையாளர் ஆனார். யோசித்துப் பார். மகள் 188 சென்டிமீட்டர் பலகையில் அந்தச் சுவரில் இறங்குகிறாள், எந்த இடத்தில் என்ன பிழை வரும் என்று அம்மாவுக்கு அணு அணுவாகத் தெரியும். தெரியாத நானே இவ்வளவு தொல்லை கொடுத்தேன். தெரிந்த அவர் எப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாரோ! பயிற்றுவிப்பது டேவிடே என்ற சகோதரன். வீடே மலைமேல்தான்.

இரண்டாவது உன் நாட்டுக்காரி, ஆலிஸ் ராபின்சன். 2019இல் 17 வயதில் ஷிஃப்ரினை நூறில் 6 பங்கு வினாடியில் இதே இடத்தில் மடக்கியபோது நீயும் நானும் சோபாவில் துள்ளினோம். அவளைப் பார்த்துத்தான் நீ அந்த நாட்டுக்குப் போனாய் என்று அம்மா இன்னும் பகிடிக்குச் சொல்வார். நேற்று அவள் இறங்கும்போது சுவிஸ் மணிகளுக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் "ஹோப் ஆலிஸ்" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என் மகள் அங்கே இருக்கிறாள்" என்றேன். உடனே அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மூன்றாவது ஆஸ்திரியாவின் யூலியா ஷைப். அவள் மேடையேறியது இதுவே முதல் தடவை. அந்தச் சனம் போட்ட கூச்சலில்தான் என் காது போனது, மணியில் அல்ல.

இன்று ஆண்கள் பந்தயத்தை வீட்டில் பார்த்தேன். நம் சுவிஸ் வீரன் மார்கோ ஓடர்மாட் முதல் ஓட்டத்திலேயே வெளியே. இரண்டு நாளும் சுவிசுக்கு ஒன்றும் இல்லை. வேன் சிநேகிதர்கள் குழுவில் அழுது தீர்க்கிறார்கள்.

உனக்கு ஒரு மாட்டு மணி வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் வழி முழுக்க அடிக்கும் என்று அம்மா சொல்கிறார், அதனால் துணி திணித்து அனுப்புகிறேன்.

நேற்றிரவு இங்கே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டோம். நேற்று வரை உனக்கும் எனக்கும் 11 மணி நேர வித்தியாசம், இனி 12. நல்லது, கணக்குப் போடத் தேவையில்லை. எனக்கு இப்போது இரவு ஒன்பதரை, உனக்குக் காலை ஒன்பதரை. சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

அன்புடன்,
அப்பா