காந்தத்தோடு வந்த அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்பானவர்களுக்கு,

வேலி முடிந்துவிட்டது. நேற்று பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கம்பியைக் கட்டினோம். இந்த வேலியைப் போட வைத்த சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. மாடுகள் உள்ளே இருக்கின்றன. கன்று தாயை ஒட்டிப் படுத்திருக்கிறது. எத்தனையோ நாளுக்கு அப்புறம் நேற்று ராத்திரிதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடாமல் தூங்கினேன்.

குழி தோண்டியவர்கள், தூண் சுமந்தவர்கள், நூல் பிடித்து வரிசை பார்த்தவர்கள், தன் கையுறையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையால் முள்கம்பி பிடித்தவர், எல்லோருக்கும் நன்றி. மூலைத்தூணைப் பிடுங்கி மறுபடி நடச் சொன்ன பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. மூலைத்தூணைச் சாய்வாகத் தாங்கும் முட்டுத்தூணை நான் வெளிப்பக்கம் கொடுத்திருந்தேன். "கம்பி எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம்தான் முட்டு நிக்கணும். நடுத்தூணெல்லாம் கம்பியைத் தாங்கத்தான், இழுப்பு முழுக்க மூலைக்குத்தான் வரும்" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. குழியில் அரையடி மண் போடுவது, கடப்பாரையால் குத்தி இறுக்குவது, மறுபடி அரையடி என்று கடைசி வரை கூடவே நின்றார். இன்று காலை அந்தத் தூணைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

இந்த மடலை எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக.

வேலை முடிகிற நேரத்தில் ஒரு அம்மா வந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று இன்னும் தெரியவில்லை. "தம்பி, கம்பியை நறுக்கின நுனியெல்லாம் எங்கே?" என்று கேட்டார். கீழேதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். 64 தூண், தூணுக்கு 5 வரிசை, ஆக 320 கட்டு. ஒவ்வொரு கட்டிலும் இரண்டு நுனி நறுக்கினோம். விரல்கணு நீளத்தில் அறுநூறுக்கும் மேல் துண்டுகள் புல்லுக்குள் கிடந்தன. எனக்கு அது உறைக்கவே இல்லை.

பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் புல்லுக்குள் மெதுவாக இழுத்துக்கொண்டே நடந்தார். ‘டிக், டிக்’ என்று துண்டுகள் வந்து ஒட்டின. துத்தநாகம் பூசியிருந்தாலும் உள்ளே இரும்புதானே, காந்தம் விடவில்லை. நாலு தூணுக்கு ஒருமுறை நின்று, புடவைத் தலைப்பால் வழித்து ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டார்.

இருட்டிய பிறகுதான் ஏன் என்று கேட்டேன், விளக்கிச் சொன்னார். மாடு புல்லை நின்று நிதானமாக மென்று விழுங்குவதில்லை. வளைத்து இழுத்து அப்படியே விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். கம்பித் துண்டும் சேர்ந்து உள்ளே போய், மாட்டின் நாலு இரைப்பைகளில் இரண்டாவதில் தங்கிவிடும். அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மெல்லிய தசைத்திரைதான் இருக்கிறது. இரைப்பை சுருங்கும்போது கூரான முனை அதைக் குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போய்விடலாம். அவர் வளர்த்த பசு ஒன்று அப்படித்தான் போனதாம். "தீனி எடுக்காம முதுகைக் கூனிக்கிட்டே நின்னுச்சு தம்பி, எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, மிச்சம் இருந்த தூண்களைப் பார்க்கப் போய்விட்டார்.

மாடுகளைக் காப்பாற்றத்தான் இந்த வேலியே போட்டோம். போட்ட வேலியாலேயே அவற்றில் ஒன்றைப் பறிகொடுத்திருப்பேன். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. நேற்றைய அசதியில் அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அம்மா, இப்போது சொல்கிறேன், நன்றி.

இனிமேல் இந்த வேலியில் எங்கே ஒரு முடிச்சுப் போட்டாலும், நறுக்கிய நுனியை எண்ணி எடுக்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். மாடுகளைப் புதுப் புல்லில் விடுவதற்கு முன்னால் ஒருமுறை காந்தத்தை இழுத்துப் பார்த்துவிடுவேன். என் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீங்கள் விட்டுப்போன காந்தத்தை மூலைத்தூணில் மாட்டியிருக்கிறேன். டப்பாவும் என்னிடம்தான் இருக்கிறது. முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. அதைத் திருப்பித் தர எப்போது வரட்டும் அம்மா?