ஆடி பிறந்துவிட்டது, அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

பெங்களூரில் மார்கழி மாதம் வாங்கிய மங்குஸ்தானைப் பற்றிப் போனில் சொன்னாயே, தோல் கல்லாக இருந்தது, உள்ளே பழுப்பேறிக் கிடந்தது என்று. "இதுக்குப் போயா மாமா இத்தனை பெருமை?" என்று வேறு கேட்டாய். அப்போது சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது. இப்போது ஆடி பிறந்துவிட்டது, சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ரோட்டில் போனால் கல்லாறு. மலை ரயில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறத் தொடங்குவது அங்கேதான். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும் 1900-இலேயே அங்கு வந்துவிட்டது. சோளமும் கடலையும் விளைகிற நம் காடு மங்குஸ்தான் மரத்துக்கு ஆகாது. ஈரக்காற்று வேண்டும், சின்னக் கன்றுக்கு நிழல் வேண்டும். அதனால் கல்லாறு, பர்லியாறு என்று மலையோரமாகவே நின்றுவிட்டது. விதை போட்டால் காய்க்கப் பத்து வருஷம்கூட ஆகும். வைத்தவன் அத்தனை காலம் பொறுக்கிறான், தின்கிற நமக்கு ஆடி வரைக்கும் பொறுக்க முடியாதா?

ரோட்டோரக் கடையில் கூடையைப் பார்த்ததும் எடை போடச் சொல்லிவிடாதே. முதலில் தோலை விரலால் அமுக்கிப் பார். லேசாக அமுங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பறித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார். பூ வடிவில் ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. ஆறேழு இதழ் இருப்பதாகப் பார்த்து எடு, கொட்டையில்லாத சின்னச் சுளைகள் கூடுதலாகக் கிடைக்கும். உன் அம்மாவும் நானும் சின்ன வயதில் இதை வைத்துப் பந்தயமே கட்டுவோம். அவள்தான் ஜெயிப்பாள், எனக்குத் தெரியாமல் முன்பே கவிழ்த்துப் பார்த்திருப்பாள்.

கத்தி வேண்டாம். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் பிளந்துகொள்ளும். வெள்ளைச் சுளையை மென்று தின்ன வேண்டிய வேலையும் இல்லை, நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்தினால் போதும். முதலில் இனிப்பு, பின்னாடியே கொஞ்சம் புளிப்பு. அந்தப் புளிப்புதான் அடுத்த பழத்துக்குக் கையை இழுக்கிறது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதே, தோல் இறுகிப் போய்விடும்.

நாவலும் இப்போதுதான். அதைப் பறித்து வந்து பழுக்க வைக்க முடியாது, மரத்திலேயே கறுக்க வேண்டும். உன் அம்மாவைப் பெற்ற அமுச்சி உப்புப் போட்டுக் குலுக்கித் தருவார்கள். மாம்பழத்தை விடு, அதைப் புகழ ஆள் நிறைய இருக்கிறார்கள்.

பன்னிரண்டு மாதமும் டப்பாவில் வெட்டிக் கொடுக்கிற பப்பாளியும் தர்பூசணியும் உனக்கு வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைத் தின்னும்போது நீ லேப்டாப்பை மூடிப் பார்த்ததே இல்லை. முள்கரண்டியால் ஒன்று குத்துவாய், மறு கை தட்டிக்கொண்டிருக்கும். மங்குஸ்தானில் அது நடக்காது. இரண்டு கையும் வேண்டும், விரலெல்லாம் கறையாகும், போன் அடித்தாலும் எடுக்க முடியாது. எனக்கு அந்தப் பழத்தில் பிடித்ததே இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆடி நோம்பிக்கு லீவு போட்டுவிட்டு வா. ராத்திரி பஸ் ஏறினால் விடியக்காலை மேட்டுப்பாளையம் வந்துவிடலாம், வண்டியோடு நிற்கிறேன். அந்தக் கறை துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது, பழைய சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமன்