புதன்கிழமை தடுப்பூசி நாள்

குழுவிலுள்ள தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் வணக்கம். வரும் புதன்கிழமை நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். 9 மாதம் நிறைந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ மருந்தும் உண்டு. லேசான சளிக்காகத் தள்ளிப்போடாதீர்கள். செவிலியரிடம் சொல்லிவிட்டாலே போதும்.

தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பையில் வையுங்கள். சென்ற முறை அதை வீட்டில் விட்டுவிட்டு, மகளின் பழைய எடை என்னவென்று சொல்லத் தெரியாமல் நின்றேன். மனது மிகவும் சங்கடப்பட்டது. கையும் தொடையும் எளிதில் தெரியும்படி தளர்வான உடை போதும். ஊசி போட்டதும் தாய்ப்பால் கொடுத்தால் அழுகை விரைவில் அடங்கும். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள், என்ன அவசரமானாலும்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் இங்கே எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.