மூடிய டிரம்பெட் பெட்டி

மதிப்பிற்குரிய மாநகர நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இரவு ஒன்பதுக்கு மேல் இசை கூடாது என்ற உங்கள் உத்தரவும், எங்கள் ஜாஸ் கூடத்துக்குப் பூட்டு விழுந்த கதையும் உங்கள் கோப்பிலேயே இருக்கும். கோப்பில் ஏறாத ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு, 16 வயதுப் பெண் ஒருத்தி டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்தாள். மூன்று வாரமாக வந்து கேட்டுக்கொண்டிருந்தவளை அன்றுதான் மேடைக்குக் கூப்பிட்டோம். 12 பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற வடிவம். முதல் சுற்றில் தடுமாறினாள். பியானோக்காரர் இரண்டு ஸ்வரம் எடுத்துக் கொடுக்க, பிடித்துக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் நுழையும்போது உங்கள் ஊழியர் ஒலி அளக்கும் கருவியோடு வந்து நின்றார். மணி ஒன்பது ஐந்து. டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார். அவள் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைக் கழற்றித் துடைத்து, பெட்டியை மூடினாள். அப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

ஜாஸ் தனியாக அறைக்குள் உட்கார்ந்து முழுதாகக் கற்கிற வித்தை இல்லை. தெரிந்தவர் விட்ட இடத்தில் தெரியாதவர் பிடித்து, தப்பு செய்து, நாலு பேர் முன்னால் திருத்திக்கொள்ள வேண்டும். ஜாஸ் பிறந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில் சவ ஊர்வலத்து வாத்தியக் குழுவின் பின்னால் தெருவே ஆடிக்கொண்டு போகும். டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அந்தத் தெருக்களில் கேட்டு வளர்ந்தவர்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒலிபெருக்கி இல்லாத சிறு கூடங்களுக்கு இரவு 11 மணி வரை அனுமதி கொடுங்கள். டிரம்பெட் சத்தம் போடும், மறுக்கவில்லை. ஜன்னல்களுக்குக் கெட்டித் திரை போட்டாயிற்று. புகார் கொடுத்தவரோடு உட்கார்ந்து பேசவும் தயார்.

நியூயார்க்கும் இப்படித்தான் 1926-ல் ஒரு கேபரே சட்டம் போட்டது; மதுக்கூடங்களில் இசைக்கும் நடனத்துக்கும் உரிமம் வேண்டும் என்கிற சட்டம். அங்கே வாசிக்கத் தேவையான அனுமதிச் சீட்டான கேபரே அட்டை பறிபோனதால் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951 முதல் ஆறு வருடம் அந்த நகரத்தின் மதுக்கூட மேடைகளில் வாசிக்க முடியவில்லை. அவர்களுக்கு அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 2017 ஆயிற்று. நமக்கும் அத்தனை காலம் வேண்டுமா?

ஏப்ரல் 30, சர்வதேச ஜாஸ் தினத்துக்குத் தவறாமல் வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். அதில் சாக்ஸபோன் படம். படம் என்றால் சத்தம் வராது, வசதிதான்.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 11 மணி வரை அனுமதி, அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்குள் பதில் வந்தால் அந்தப் பெண்ணைத் தேடிச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அன்று பேஸ் வாசித்தவன்